விரிசல் விட்ட பொதுச் சுவர்: பூசுவதற்கு முன் சட்டம் கேட்பவை

கேள்வி: தாராசுரத்தில், ஐராவதேசுவரர் கோயில் எல்லையிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீட்டர் தொலைவில், நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு பாட்டனார் காலத்தில் கட்டப்பட்ட ஓட்டு வீடு ஒன்று, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கிறது. இரண்டும் 1968ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையில் பிரிந்தவை. பங்காளியிடமிருந்து பக்கத்து வீட்டை விலைக்கு வாங்கியவர், சென்ற தை மாதம் அதை இடித்துவிட்டு, புதுக் கட்டடத்துக்காகச் சுவரை ஒட்டியே வானம் தோண்டினார். அதன்பின் கூடத்துச் சுவரில் மூலைவாட்டாக விரிசல் கண்டு, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கேட்டதற்கு, வீடு பழையது, விரிசல் முன்பே இருந்தது, தோண்டியவர் ஒப்பந்தக்காரர் என்று கூறுகிறார். வெளிப்புறம் பூசுவதற்குச் சாரம் கட்டவும் தமது மனையில் இடம் தர மறுக்கிறார். பழுதுபார்க்கும் செலவை அவரிடம் பெற முடியுமா? மழை வருமுன் சிமென்ட் வைத்துப் பூசிவிடலாமா?

பதில்: வினாவின் கடைசிப் பகுதிக்கே முதலில் விடை கூற வேண்டியுள்ளது. சுவரை இப்போது பூசக் கூடாது. வழக்கு நடக்கும் நாளில் நீதிமன்றத்தின் முன் இருக்கப்போகும் முதன்மையான சான்று அந்த விரிசலே. அதன் மேல் பூச்சு ஏறிவிட்டால், அது எவ்வளவு அகலம் இருந்தது, எந்தத் திசையில் ஓடியது, தோண்டுவதற்கு முன்பே இருந்ததா என்பவை அனைத்தும் ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றொருவர் சொல் என்ற நிலைக்குத் தாழ்ந்துவிடும். பழைய வீட்டுக்காரர்கள் பலர் நல்ல வழக்கைக் கொத்தனாரின் ஒரு நாள் வேலையில் இழந்துவிடுவது வருந்தத்தக்கது.

எல்லா விரிசலுக்கும் பக்கத்து மனைக்காரர் பொறுப்பாக மாட்டார் என்பதும் தொடக்கத்திலேயே தெளிவுபட வேண்டும். காவிரிப் படுகையின் களிமண் நீரை உண்டு உப்பவும் காய்ந்து சுருங்கவும் கூடியது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிலத்தடி நீர் உயர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மேலும் ஏறி, ஈரத்தடுப்புப் பட்டை இல்லாத பழைய கடைக்கால் வழியே சுவருக்குள் ஓதமாகப் பரவுகிறது. ஓதத்தோடு வரும் உப்பு காரைக்குப் பின்னால் பூத்து அதைத் தள்ளிவிடுவதால், தரையிலிருந்து முழங்கால் அல்லது இடுப்பு உயரம் வரை பூச்சு உப்பிப் பொருக்காக உதிரும். இந்தச் சேதம் பராமரிப்பைச் சார்ந்தது. அதற்குரிய செலவு வீட்டு உரிமையாளருடையதே. கடைக்காலின் ஒரு முனை கீழிறங்கியதால் தோன்றும் விரிசலோ வேறு வகையானது. அது செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப்போல மூலைவாட்டாக ஏறும். பெரும்பாலும் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். பூச்சோடு நில்லாமல் செங்கல்லையும் பிளந்திருக்கும். வினவியவர் விவரித்திருப்பது இந்த இரண்டாம் வகையோடு பொருந்துகிறது. ஆயினும் இரண்டும் ஒரே சுவரில் கலந்திருக்கக்கூடுமாதலால், எது எதனால் என்பதைப் பொறியாளர் ஒருவர் பிரித்து எழுதிக் கொடுக்கும் அறிக்கை இன்றியமையாதது.

விரிசலைப் பதிவுசெய்யும் முறை எளியது, செலவு குறைந்தது. விரிசலின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை இரு முனைகளிலும் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் தேதியை எழுதி வைத்தால், சுவர் மேலும் அசையும்போது கண்ணாடி தெறித்துவிடும். அசைவு நின்றிருந்தால் அப்படியே இருக்கும். அளவுகோலை விரிசலின் மேல் வைத்து எடுத்த ஒளிப்படங்களும் வேண்டும். அவை கைப்பேசியில் எடுக்கப்பட்டவையானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யப்பட வேண்டும். எனவே மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். வழக்கு தொடுத்தவுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 9ஆம் விதியின்கீழ் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்குமாறு மனுச் செய்யலாம். நீதிமன்றத்தின் சார்பில் நேரில் வந்து, பொறியாளரின் துணையோடு சுவரையும் தோண்டிய பள்ளத்தையும் அளந்து அறிக்கை தருபவரே ஆணையர். பள்ளம் மூடப்படுவதற்கு முன் இது நடப்பது பெரும் பயன் தரும்.

இனி உரிமை பற்றிய சட்டம். ஒரு நிலம் அதன் இயற்கை நிலையில் பக்கத்து நிலத்தின் மண்ணால் தாங்கப்படும் உரிமையை 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஏற்கிறது. வசதியுரிமை என்பது, ஒரு சொத்தை நன்கு அனுபவிப்பதற்காக அதன் உரிமையாளருக்கு வேறொருவர் சொத்தின் மேல் உள்ள உரிமை. பத்திரங்களில் ஈஸ்மெண்டு பாத்தியம் என்று எழுதப்படுவது இதுவே. நிலத்தின் மேல் வீடு கட்டப்பட்டுவிட்டால், வீட்டின் சுமைக்கும் சேர்த்துத் தாங்குதல் கேட்பதற்கு இயற்கை உரிமை மட்டும் போதாது. அங்கே 15ஆம் பிரிவு துணைக்கு வருகிறது: ஒரு கட்டடம் பக்கத்து நிலத்திடமிருந்தோ அதிலுள்ள கட்டுமானத்திடமிருந்தோ, அமைதியாகவும் தடையின்றியும் வசதியுரிமையாக 20 ஆண்டுகள் தாங்குதல் பெற்றுவந்திருந்தால், அந்த உரிமை முழுமை பெறுகிறது. இச்சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டில்தான், 1881இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை டால்டன் எதிர் ஆங்கஸ் வழக்கில் இதே சிக்கலைத் தீர்த்தது. ஒட்டி நின்ற இரு கட்டடங்களில் ஒன்றை இடித்து மண்ணையும் அகழ்ந்ததால் மற்றது சரிந்த வழக்கு அது; இருபதாண்டுக்கு மேல் தாங்குதல் பெற்ற கட்டடத்துக்கு அது தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று அவை தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டதால் மனைக்காரரின் பொறுப்பு நீங்கிவிடாது என்றும் கூறியது. ஆகவே பக்கத்து மனைக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டித் தப்புவது கடினம். இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பதே முறை.

வினவியவருக்கு இதைவிட வலுவான வேறொரு பிடியும் உண்டு. இரு வீடுகளும் ஒரே குடும்பச் சொத்தாக இருந்து பிரிக்கப்பட்டவை. கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது, ஒரு பாகத்தை முன்பு அனுபவித்தபடியே அனுபவிக்கத் தேவையானதும், கண்ணுக்குப் புலப்படுவதும், தொடர்ந்து நிலவுவதுமான வசதி, பத்திரம் வேறுவகையாகக் கூறாதவரை அந்தப் பாகக்காரருக்கு உரியதாகிவிடும் என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. ஒரே சுவரில் சாய்ந்து நிற்கும் இரு வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டவிதி கிடைப்பது அரிது. இந்த உரிமை 1968இலேயே பிறந்துவிடுவதால் இருபதாண்டு அனுபவத்தை நிறுவ வேண்டிய சுமை குறைகிறது. பங்காளியிடம் வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும். ஆயினும் இரண்டு பிரிவுகளையும் மாற்று வாதங்களாக ஒருங்கே எழுப்புவது நல்லது.

15ஆம் பிரிவை நம்பும்போது காலத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று தேவை. பலர் அறியாத செய்தி இது. அந்த 20 ஆண்டுகள், வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிபவையாக இருக்க வேண்டும். மேலும், தடை நேர்ந்ததை அறிந்த பிறகும் ஓராண்டு அதற்கு இணங்கிப் பேசாதிருந்தால் அனுபவம் அறுந்ததாகவே கொள்ளப்படும். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரையறை உண்டு. தாங்குதல் அகற்றப்பட்டதற்கான இழப்பீட்டுரிமை, கணிசமான சேதம் உண்மையில் நேர்ந்த பிறகே பிறக்கும் என 34ஆம் பிரிவு கூறுவதால், அந்தக் காலம் சேதம் நேர்ந்த நாளிலிருந்தே ஓடும். ஆனால் மூன்றாண்டு இருக்கிறதே என்று காத்திருப்பவர் உரிமையின் வேரையே இழக்க நேரும். தை மாதம் தோண்டியதற்கு, அடுத்த தைக்கு வெகு முன்பாகவே ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் வழக்கறிஞர் அறிவிப்புப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, சுவர் யாருடையது என்பது. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தபசிலையும் நான்கெல்லை விவரத்தையும் எடுத்து, அச்சுவர் பொதுச் சுவர் என்று எழுதப்பட்டிருக்கிறதா, ஒருவர் பாகத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுச் சுவரானால் இருவரும் அதன் முழுமைக்கும் கூட்டுரிமையாளர்கள். பாதிச் சுவர் என்னுடையது, அதை இடிப்பேன் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. கூட்டுரிமையாளர் ஒருவர் மற்றவரின் இசைவின்றிப் பொதுச் சுவரை உயர்த்தவும் கூடாது என்பது சென்னை உயர் நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த நெறி. புதுக் கட்டடத்தின் உத்தரங்களைப் பழைய சுவரின் மேல் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே தடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய வேலைக்கு முன்னறிவிப்புக் கொடுப்பதைக் கட்டாயமாக்கும் பொதுச் சுவர்ச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. வரிசை வீடுகள் நிறைந்த கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை போன்ற ஊர்களுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

வீடு பழையது என்ற வாதம் பொறுப்பைப் போக்காது; இழப்பீட்டின் அளவைத்தான் ஓரளவு குறைக்கும். பழைய சுவருக்கு மாற்றாகப் புதுச் சுவரின் முழு விலையை நீதிமன்றம் அளிக்காமல், தேய்மானத்தைக் கழிக்கக்கூடும். ஓதத்தால் முன்பே உதிர்ந்திருந்த பகுதியையும் அது தள்ளிவிடும். இங்கேதான் சிமென்ட் பற்றிய வினா சட்ட முக்கியத்துவம் பெறுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. கடுக்காய் ஊறல், வெல்லம் ஆகியவை சேர்த்துப் பழைய கொத்தனார்கள் அரைத்த சாந்து, சுவரின் சிறு அசைவுகளுக்கும் ஓரளவு இணங்கிக் கொடுத்தது. அதன் மேல் சிமென்ட் பூச்சை ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, மிருதுவான நாட்டுச் செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சேதமடைந்தவர் தம் சேதம் மேலும் பெருகாமல் நியாயமான அக்கறை எடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. தவறான பூச்சால் பின்னர் நேரும் சேதத்தை எதிராளியின் தலையில் சுமத்த இயலாது. ஆகவே மதிப்பீட்டைச் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் எழுத்தில் பெற்று, அதே பொருளால் அதே முறையில் சீரமைக்கும் செலவைக் கோர வேண்டும். அது கூடுதலாக இருப்பினும், அந்தச் சுவருக்கு அதுவே பொருத்தமானது என்று பொறியாளர் விளக்கினால் நியாயமான கோரிக்கையாகும்.

தாராசுரம் என்பதால் மற்றொரு சட்டத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாம் இராசராசன் காலத்ததும் 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டதுமான ஐராவதேசுவரர் கோயில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010இல் திருத்தப்பட்ட 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி; அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. வினவியவரின் வீடு இரண்டாவதில் விழுகிறது. அங்கே புதுக் கட்டடம் எழுப்ப, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையின்மேல் தகுதிவாய்ந்த அதிகாரி தரும் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டுவது இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பக்கத்து மனைக்காரர் அனுமதி பெற்றாரா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டறியலாம். பழுதுபார்ப்புக்கும் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 20சி பிரிவில் விண்ணப்பம் கூறப்பட்டிருக்கிறது. பழுதுபார்ப்பு என்பதற்கு, ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் செய்யும் மாற்றம் என்றே சட்டம் பொருள் தருவதால், உதிர்ந்த காரையை அதேபோல் மீண்டும் பூசுவது அதனுள் அடங்காது என்று வாதிட இடமுண்டு. எனினும் விரிசலைத் தைக்கச் செங்கல்லை மாற்றும் அளவுக்கு வேலை போகும்போது அந்த வாதத்தை நம்பியிருப்பது உகந்ததன்று. விண்ணப்பம் இணையவழியில் செய்யத்தக்கது. அதிகாரி 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்பவும், ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துரைக்கவும், அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு தெரிவிக்கவும் சட்டம் காலம் வகுத்திருப்பதால், மழைக்காலத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே கொடுப்பது நலம்.

இதற்கிடையே சுவர் சாயும் அறிகுறி தென்பட்டால் எந்தச் சான்றும் உயிரைவிடப் பெரிதன்று. படமெடுத்துவிட்டு உடனே மரமுட்டுக் கொடுத்துக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். தற்காலிகத் தாங்குதல் சான்றை அழிக்காது, அதன் செலவையும் பின்னர்க் கோரலாம். மேலும் தோண்டுவதை நிறுத்த, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளையின்கீழ் இடைக்காலத் தடையாணை பெறலாம். தெருவில் செல்வோருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆபத்து இருக்குமானால், கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ தாங்குதல் கொடுக்கவோ ஆணையிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு உண்டு.

சாரம் கட்டும் சிக்கலுக்கு வருவோம். தாங்குதல் உரிமை உள்ளவர், தாங்கும் சுவர் பழுதுற்றால் அடுத்தவர் நிலத்தில் நுழைந்து அதைச் சரிசெய்யலாம் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு துணையுரிமை வழங்குகிறது. பொதுச் சுவரின் கூட்டுரிமையாளருக்கும் வாதிட வலுவான இடமுண்டு. ஆனால் மறுப்பு வெளிப்படையாக இருக்கும் நிலையில் தாமாக நுழைவது அத்துமீறல் புகாருக்கு வழிவகுக்கும். வழக்குக்கு முன்பே கும்பகோணம் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கட்டணமின்றி மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் தேடலாம். அங்கு எழுதப்படும் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலிமை உண்டு, மேல்முறையீடு இல்லை. அந்தச் சமரசப் பத்திரத்தில் எவ்வளவு தொகை, எந்தத் தவணையில் என்பதோடு, எத்தனை நாள் சாரம் நிற்கும், எத்தனை மணிக்குள் ஆட்கள் வந்து போவார்கள், எந்தக் கலவையால் பூசப்படும், வானம் எவ்வளவு தள்ளித் தோண்டப்படும், வேலை முடிந்து ஓராண்டுக்குள் விரிசல் மீண்டும் திறந்தால் யார் சரிசெய்வது என்பவற்றையும் விட்டுவிடாமல் எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும்.