அணிலுக்கு இரும்பு வலைதான் சரி

தங்கச்சி, எனக்கு அணிலைப் பிடிக்காது. ராமர் தடவிக்கொடுத்த முதுகு என்று ஆச்சி சொல்லி வளர்த்தும் பிடிக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்து, ஒரு வெள்ளாமை வீடு வந்து சேருவதே பெரும்பாடு. அதில் வீட்டுக்கென்று ஒதுக்கிய கடலையில், சீனியவரைக்காய் வத்தலில், கூழ்வத்தலில் என்று எல்லாவற்றிலும் வாய் வைத்துவிட்டுப் போகும். தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டது அதிகம்.

அதன் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்த்தாக வேண்டும். பசி இல்லாத நேரத்திலும் வயர், பிளாஸ்டிக் குழாய், கொடிக்கயிறு என்று கடிப்பது அதனால்தான். நைலான் வலையும் சாக்கும் அதன் பல்லுக்கு முன் நிற்காது. இரும்பு வேண்டும்.

கோழிக்கூண்டுக்கு வாங்குவோமே, அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை, அதை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் பழைய ஜன்னல் சட்டத்தில் அடித்துக்கொள். வத்தலுக்கும் வலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். மூலைக்கு ஒரு கல் வை. ஆடிக்காற்றில் வெறும் சட்டம் பறந்துவிடும். காலையிலும் சாயங்காலமும்தான் அணில் மும்முரமாகத் திரியும். வெயில் ஏறியபின் பரப்பி, நாலு மணிக்குள் அள்ளிவிடு.

காய்ந்த கடலையை அள்ளும்போது, தோடு கடிபட்டதை எல்லாம் பொறுக்கித் தனியே எடு. உடைந்த தோட்டுக்குள் ஈரம் புகுந்தால் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்காதே, பாலில் இறங்கும்.

இனி வயர். 2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்கம்பியைத் தொடும் கிளைகளில் அணில் ஓடுவதால் கம்பிகள் உரசி மின்தடை வருகிறது என்றார். ஊரே கேலி செய்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையே 1987-லும் 1994-லும் அணிலால் மின்சாரம் போய் நின்றிருக்கிறது. 2022 ஜூன் 30 அன்று ஆந்திராவின் சத்ய சாய் மாவட்டத்தில், கூலி வேலைக்கு ஆட்டோவில் போன பெண்கள் ஐந்து பேர் உயர் அழுத்த மின்கம்பி விழுந்து கருகிப் போனார்கள். அணில் ஏறியதில்தான் கம்பி அறுந்தது என்று மின்துறை அதிகாரிகள் சொன்னார்கள். நம் பெண்களும் அப்படித்தானே விடியக்காலையில் காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வண்டி ஏறுகிறார்கள்! அந்தச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் லைன் கம்பியைத் தொடுகிற வேப்பங்கிளையை அரிவாளோடு ஏறி நீயே வெட்டாதே. வீட்டு ஆட்களையும் ஏறவிடாதே. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல். வீட்டுக்கு வெளியே ஓடும் வயரைக் குழாய்க்குள் விடு. கடிபட்ட வயரில் டேப் சுற்றிச் சமாளிக்காமல், மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடு. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இல்லாத வீடென்றால், இந்தச் சாக்கில் மாட்டிவிடு.

வீட்டில் போட்டுவைத்த பருத்தியும் தலையணைப் பஞ்சும் தேங்காய் நாரும்தான் அதன் கூட்டுக்குச் சாமான். ஓட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், பரணில் கட்டும். பொந்தை அடைக்கும் முன் குஞ்சு இருக்கிறதா என்று பார். இருந்தால் அவை வெளியே ஓடித் திரியும்வரை, இரண்டு மூன்று மாதம் ஆனாலும், பொறுத்திரு. பிடிக்காத ஜீவன் என்றாலும் குஞ்சை உள்ளே வைத்து அடைப்பது பாவம். தாய் வேறு வழி தேடி மரத்தையும் வயரையும் குதறும்; செத்த நாற்றம் வீட்டை விட்டுப் போகாது. குஞ்சு போனபின் கம்பி வலை வைத்துச் சிமெண்டு பூசு.

மிளகாய்ப் பொடி தூவு என்பார்கள். நம் ஊர்க் காற்றில் அது பிள்ளைகள் கண்ணில்தான் விழும். குருணை மருந்தைச் சோற்றில் கலந்து வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கோழி தின்னும், மயில் தின்னும், தவழுகிற பிள்ளை வாயில் வைக்கும். அணில் கடித்துவிட்டால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. மூடி விலகியிருந்தால் வெயில் காலத்தில் தண்ணீர் தேடி அணில் உள்ளே விழுந்து செத்துக் கிடக்கும். அந்தத் தண்ணீரைத்தான் வீடு முழுக்கப் புழங்கும். வழிந்தோடும் குழாயின் வாயிலும் சின்ன வலை கட்ட வேண்டும். இதைப் படித்து முடித்ததும் மாடிக்கு ஏறி மூடியைப் பார்த்துவிடு, தங்கச்சி.