ஒரு ஷேர் விலையும் 4,29,49,67,295 என்ற எண்ணும்



2021 மே மாசம், வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனியின் 'ஏ' கிளாஸ் ஷேர் ஒண்ணு 4,21,000 டாலரைத் தாண்டிடுச்சு. உடனே நாஸ்டாக், தன்னோட சில டேட்டா ஃபீட்ல அந்த விலையைக் காட்டுறதைத் தற்காலிகமா நிறுத்திடுச்சு. காரணம் மோசடி இல்ல, ஒரு எண்: 4,29,49,67,295.

இந்த எண் எங்கிருந்து வந்துச்சு?

கம்ப்யூட்டர் எல்லாத்தையும் 0, 1-ஆதான் சேமிக்கும். ஒரு எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்கினா, 32 இரண்டுகளைப் பெருக்கி வர்ற 4,29,49,67,296 எண்களை அதுல வைக்கலாம். 0-லேர்ந்து எண்ணுறதால, பெரிய எண் அதைவிட ஒண்ணு கம்மி. அந்த சிஸ்டம் விலையை நாலு தசம இடத்தோட, புள்ளியை எடுத்துட்டு முழு எண்ணா வெச்சிருந்தது. அப்போ உச்சவரம்பு 4,29,496.7295 டாலர்.

தாண்டினா? பழைய பைக் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000-க்கு வர்ற மாதிரி, மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். 4,30,000 டாலர் ஷேர் வெறும் 503 டாலர்னு தெரியலாம்!

உடைச்சுப் பார்ப்போம்

கடைசி இலக்கம் 5, அதனால 5-ஆல வகுபடும். இலக்கங்களைக் கூட்டினா 57, அதனால 3-ஆலயும் வகுபடும். முழுசா உடைச்சா:

3 × 5 × 17 × 257 × 65,537

அஞ்சுமே பகா எண்கள். இவைதான் ஃபெர்மா பகா எண்கள். இதுவரை தெரிஞ்சது இந்த அஞ்சு மட்டும்தான். ஆக இது ஒரு ஒற்றை எண், பகு எண், மொத்தம் 32 காரணிகள். அந்த எண்ணைத் தவிர மத்த காரணிகளைக் கூட்டினா 3,00,96,36,033 வரும். அது எண்ணைவிடக் கம்மி, அதனால இது 'குறைவெண்' வகை. இவ்ளோ பெரிய எண்ணா இருந்தும் குறைவெண்தான்!

நம்ம பணத்துக்கு இதுல என்ன பாடம்?

எண்ணோட சைஸ் அதோட குணத்தைச் சொல்லாது. ஷேர் விலையும் அப்படித்தான். பெர்க்‌ஷயர் 'ஏ' ஷேரை ஸ்ப்ளிட் பண்ணவே இல்ல, அதனாலதான் ஒரு ஷேர் விலை அவ்ளோ உயரம். நம்ம சென்னை எம்.ஆர்.எஃப். ஷேரும் 2023 ஜூன்ல 1 லட்சம் ரூபாயைத் தாண்டுச்சு. "அய்யோ காஸ்ட்லி, 10 ரூபா ஷேர் வாங்கிக்கலாம்"னு முதல் சம்பளத்துல பலர் போறாங்க.

ஒரு கணக்கு பாருங்க. 10 ரூபா ஷேருக்கு வருஷ லாபம் 20 பைசான்னா, பி/இ விகிதம் 50. 1 லட்ச ரூபா ஷேருக்கு லாபம் 5,000 ரூபான்னா, பி/இ 20தான். இந்தக் கணக்குல எது காஸ்ட்லி? 10 ரூபா ஷேர்தான்!

பி/இ மட்டுமே முடிவு இல்ல. கடன், வளர்ச்சி எல்லாம் பார்க்கணும். ஆனா அடுத்த தடவை ஆப்ல 'பை' பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி, விலையை ஒரு ஷேருக்கான லாபத்தால வகுத்துப் பாருங்க. உடைச்சுப் பார்க்காத எந்த எண்ணையும் நம்பாதீங்க.