"ஒண்ணும் இல்லண்ணா"ன்னு சொன்னா நம்பாதீங்க!



ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கத்துல ஒரு கிராமம். எங்க என்எஸ்எஸ் ஏழு நாள் கேம்ப். நாலாவது நாள் சாயங்காலம் ஊர்ப் பசங்களோட கபடி மேட்ச். எங்க டீமுக்கு நான்தான் கேப்டன். ரெய்டு போன ஃபர்ஸ்ட் இயர் தம்பியை மூணு பேர் சேர்ந்து மடக்கினாங்க. விழும்போது ஒருத்தரோட முழங்கால் அவன் காதுக்கு மேல இடிச்சிடுச்சு. எழுந்தவன் கொஞ்சம் தள்ளாடினான். "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணா"ன்னான். மூஞ்சில தண்ணி தெளிச்சு, முதுகுல தட்டிக்கொடுத்து, அடுத்த ரெய்டுக்கு அனுப்பிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது, "நாம ஜெயிச்சோமாண்ணா?"ன்னு கேட்டான். சொன்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பக் கேட்டான். மூணாவது தடவை கேட்டப்போ எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கொஞ்ச நேரத்துல வாந்தி. அந்த இருட்டுல, மலைப்பாதையோட ஒவ்வொரு வளைவிலயும் அவன் பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இறங்கினோம். நல்லவேளை, ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல. ஆனா மூணு வாரம் தலைவலி, புத்தகத்தைத் திறந்தா மயக்கம், ஒரு இன்டர்னல் போச்சு. டாக்டர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "அடிபட்ட பிறகும் ஆட விட்டீங்களா?"

அதுக்கப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

கன்கஷன்னா என்ன?

தமிழில் மூளை அதிர்வு எனலாம். பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னாடி சாயுறோம் இல்லையா, அதே நிலைமம்தான். மண்டையோடு சட்டென நிற்கிறது. உள்ளே திரவத்தில் மிதக்கும் மென்மையான மூளை நிற்பதில்லை. மெக்கானிக்ஸ் படித்தவர்களுக்கு இன்னொரு விஷயம்: நேர்க்கோட்டு முடுக்கத்தைவிட சுழல் முடுக்கம்தான் அதிகக் கெடுதல். தலை திருகும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்களில் பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிக ஆற்றல் தேவை. அந்த நேரத்தில்தான் ரத்த ஓட்டமும் குறையலாம்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். ஒன்று, தலையில்தான் அடிபட வேண்டும் என்றில்லை. உடம்பில் விழும் பலமான மோதல் தலையை உலுக்கினாலே போதும். இரண்டு, ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை அசைவதை முழுசாகத் தடுக்காது. மூன்று, சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், கன்கஷனைக் காட்டாது. "ஸ்கேன் நார்மல், நாளைக்கே ஆடலாம்" என்பது தப்புக் கணக்கு.

கிரிக்கெட் கற்ற பாடம்

1998 பிப்ரவரி, டாக்கா. ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற இந்திய வீரர் ராமன் லாம்பாவின் நெற்றியில் பந்து பட்டது. அவர் தானாகவே நடந்து வெளியே போனார். பிறகு நிலைமை மோசமாகி, மூன்றாம் நாள் இறந்தார். அது மூளையில் ரத்தக்கசிவு. ஆனால் முதல் சில நிமிடங்களில், பார்க்கிற நமக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ். ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனையில் தேறி, திரும்பவும் பேட்டிங் செய்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று வீரர். அடுத்த வருஷம் கான்பெராவில், நம்ம நடராஜன் டி20யில் அறிமுகமான அதே மேட்ச்சில், ஜடேஜாவுக்குப் பதில் சஹல் வந்தது ஞாபகம் இருக்கும்.

அமெரிக்காவில் 2006இல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவன், அடிபட்ட அதே மேட்ச்சில் திரும்ப இறக்கப்பட்டு, மூளையில் கடும் பாதிப்போடு உயிர் பிழைத்தான். வாஷிங்டன் மாநிலம் 2009இல் அவன் பெயரிலேயே சட்டம் போட்டது: சந்தேகம் வந்தால் வெளியே உட்கார வை; மருத்துவர் அனுமதி இல்லாமல் திரும்ப ஆட விடாதே. நான் தட்டிக்கொடுத்து அனுப்பினேனே, அதையேதான் அந்தச் சட்டம் தடுக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான கன்கஷனில் மயக்கமே வராது. தள்ளாட்டம், வெறித்த பார்வை, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே கேட்பது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சும்மா "ஓகேவா?" என்று கேட்காதீர்கள். "இது எந்த ஊர்? கடைசி பாயின்ட் யார் எடுத்தது? போன மேட்ச் யாரோட? ஜெயிச்சோமா?" என்று கேளுங்கள். பதிலில் ஒன்று தடுமாறினாலும் வெளியே. எல்லாம் சரியாகச் சொன்னாலும் அறிகுறி இருந்தால் வெளியேதான்.

உடனே என்ன செய்வது?

• அன்று திரும்ப ஆடக் கூடாது. ஃபைனலாக இருந்தாலும் சரி.
• தனியாக விடாதீர்கள். பைக் ஓட்ட விடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.
• திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, மயக்கம், கை கால் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை, கடும் கழுத்துவலி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. கழுத்து வலித்தால் ஆளைத் தூக்கி நிறுத்தாதீர்கள்.

ஜவ்வாது மலை மாதிரி இடத்தில் முடிவை இன்னும் சீக்கிரம் எடுக்கணும். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது மலைக்குக் கீழே இருக்கும் வேலூர் சிஎம்சியில்தான். ஆனால் நடுவில் மலைப்பாதை இருக்கிறது. "காலையில பார்த்துக்கலாம்" என்று சொல்ல அங்கே இடமில்லை.

திரும்ப எப்போது ஆடலாம்?

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போன் ரொம்பக் குறைவு. இருட்டறையில் கிடக்கத் தேவையில்லை, மெல்ல நடக்கலாம். பிறகு ஆறு படிகள்: அன்றாட வேலை, லேசான உடற்பயிற்சி, தனிப் பயிற்சி, மோதல் இல்லாத டீம் பயிற்சி, முழுப் பயிற்சி, மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கூடினால் நிறுத்தி, அடுத்த நாள் பார்க்கணும். தலையில் அடிபட வாய்ப்புள்ள எந்தப் படிக்கும் முன்னாடி டாக்டர் ஓகே சொல்லியிருக்கணும். வகுப்புக்கும் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பணும்.

கடைசியா ஒண்ணு. அந்தத் தம்பி பொய் சொல்லல. தனக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல வேண்டிய மூளையிலதான் அடி. அதனால அந்த முடிவை அவன் எடுக்க முடியாது. பக்கத்துல நிக்கிற நாமதான் எடுக்கணும். அவன் இப்போ நல்லா இருக்கான், திரும்ப ரெய்டும் போறான். அந்த மேட்ச்ல நாங்க ஜெயிச்சது மட்டும் அவனுக்கு இன்னும் ஞாபகம் வரல.

அடுத்த டோர்னமென்ட்டுக்கு முன்னாடி இதை உங்க டீம் குரூப்ல ஒரு தடவை போட்டுடுங்க.