சொட்டினால் கியர்பாக்ஸே போச்சு என்று யார் சொன்னது?

பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அடியில் சிவப்பாக நாலு சொட்டு விழுந்தால் போதும், "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. மேற்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என எங்கே போனாலும் இதே பேச்சு. வண்டிக்காரர் பயந்துபோய்க் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார், இல்லையென்றால் எங்கிருந்தோ ஒரு பழைய கியர்பாக்ஸை வாங்கி மாட்டுகிறார். வண்டிக்கு அடியில் ஒருவரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான்.

கியர்பாக்ஸுக்குள் உழைப்பவை கிளட்ச் தகடுகளும் வால்வுகளும். கசிவது அவை அல்ல. எண்ணெயை உள்ளே நிறுத்தி வைத்திருக்கும் ரப்பரும் கேஸ்கெட்டும். பத்துப் பதினைந்து வருடச் சூட்டில் ரப்பர் விறைத்துப்போகும், வெடிக்கும். அடியில் எண்ணெய் தங்கும் தட்டான பேனின் கேஸ்கெட், ஆக்ஸில் நுழையும் இடத்து ஆயில் சீல், கியர் லீவரோடு சேரும் தண்டின் சீல், ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸ், சென்சாரின் ஓ-ரிங் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பெரும்பாலான வண்டிகளில் இவற்றை மாற்ற கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பக்கத்து பம்ப் சீல் போனால்தான் இறக்கியாக வேண்டும். அப்போதும் மாற்றுவது சீலைத்தான். அதே இடத்தில் என்ஜினின் பின்பக்க சீலும் கசியும் என்பதால், சொட்டுவது எந்த எண்ணெய் என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

சிவப்பாக இருப்பதெல்லாம் கியர் ஆயில் அல்ல. பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் எண்ணெயும் சிவப்பு. டொயோட்டாவின் கூலன்ட்டும் சிவப்பு. பழசான கியர் ஆயிலோ பழுப்பாகிவிடும். ஆகவே ராத்திரி ஒரு வெள்ளை அட்டையை வண்டிக்கு அடியில் விரியுங்கள். ஏசி தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் கறையாக நிற்கும். எந்தச் சக்கரத்துக்கு நேராக விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி, ஜிஎஸ்டி சாலையில் மறைமலைநகர் வரை போய் வாருங்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும். சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஈரம் தொடங்கும் உயரமான இடமே கசியும் இடம்.

தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவர்களின் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். ஓடும்போது சொட்டாதது நின்றால் சொட்டுகிறது என்று இவர்கள் குழம்புவார்கள். நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய் மெல்ல பேனுக்கு இறங்கி மட்டம் உயர்கிறது. மேலே இருக்கும் பழைய சீல் அப்போதுதான் நனைந்து கசிகிறது. இதற்கும் வைத்தியம் ஒரு சீல்தான்.

"சொட்டுதானே, ஊற்றி ஊற்றி ஓட்டலாம்" என்பது எதிர்ப்பக்கத்துப் பொய். கியர் ஆயில் எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கிக் கருகும். கியர்பாக்ஸ் உண்மையில் சாவது அப்படித்தான். மட்டம் பார்ப்பதிலும் ஒரே விதி கிடையாது: பல வண்டிகளில் சூடான பிறகு என்ஜின் ஓடும்போது டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும், பல ஹோண்டாக்களில் அணைத்த உடனே. அளவுக்கு மீறி ஊற்றினால் நுரைத்து பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகக் கொட்டும், அதையும் கசிவு என்பார்கள்.

லீக்கை அடைக்கும் புட்டி மருந்து ரப்பரைக் கொஞ்சநாள் உப்பவைக்கும், அவ்வளவே. எந்தச் சிவப்பு எண்ணெயும் ஒன்றுதான் என்பது தவறு. சிவிடி வண்டிக்குத் தனி எண்ணெய். 2014இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகைக்கோ, உள்ளே இருப்பது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான் என்பதால், இந்தச் சிவப்பு எண்ணெயே கிடையாது.

எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் மட்டும் உண்மையிலேயே பயப்படுங்கள். ரேடியேட்டருக்குள் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம், அல்லது வெள்ளம் புகுந்திருக்கலாம். 2015, 2023 டிசம்பர்களில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிளட்ச் தகட்டின் பசையையே பிரித்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல், கயிறு கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

எண்ணெய் மாற்றியதும் பழையதை எங்கே ஊற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். மழைநீர்க் கால்வாயில் விட்டால் சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, நன்மங்கலம் என்று இறங்கி, 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கே போய்ச் சேரும். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவு. அதை கேனில் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கும் பட்டறையில் மட்டும் வண்டியை விடுங்கள்.