சாவிக்கு முன் எழுத்து

வாடகைக்கு விடுவோர் அறிய வேண்டியவை

நம் வணிகர்களில் பலர் சிறு கடையில் தொழிலைத் தொடங்கி, உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு கடைவீட்டையோ குடியிருப்பு வீட்டையோ வாங்கியிருக்கின்றனர். கீழே வியாபாரம், மேல்மாடி வாடகைக்கு என்று நடத்துவோரும் உண்டு. அந்த வாடகை முதுமைக்கு ஆதரவாகவும் பிள்ளைகளின் படிப்புக்குத் துணையாகவும் இருக்கிறது.

ஆனால், சரக்கு வாங்கும்போது மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, விலை பேசி வாங்கும் நாம், பல இலட்சம் வெள்ளி பெறுமானமுள்ள கட்டடத்தின் சாவியை மட்டும் "நம்ம ஊர்க்காரர்தானே" என்ற ஒரே சொல்லை நம்பிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு வாடகை நின்றால் மனக்கசப்பு, கேட்டால் பகை. ஒரே பள்ளிவாசலில் தொழும் இருவர் ஸலாம் சொல்லாமல் விலகிப்போகும் நிலை வந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கும் வழியை, மார்க்கத்தையும் மலேசிய நாட்டுச் சட்டத்தையும் வைத்து ஆராய்வோம்.

மார்க்கம் காட்டும் முறை

வாடகையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்று கூறும். அது பொருளை விற்பதன்று. பொருளின் பயனை ஒரு குறித்த காலத்துக்குக் கொடுப்பது. ஆகவே பயன் இன்னது, காலம் இவ்வளவு, வாடகை இவ்வளவு என்பவை இருதரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தியபோது, எட்டு ஆண்டு கட்டாயம், பத்தாக்குவது அவர் விருப்பம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்ததைத் திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம்.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தவணைக் கடனை எழுதிவைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் பணிக்கிறது. குர்ஆனிலேயே நீண்ட வசனம் அதுதான். அதற்குச் சற்று முன்னே, 280ஆம் வசனத்தில், நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி சொல்லப்படுகிறது. இரண்டும் அருகருகே அமைந்திருப்பதைச் சிந்திக்க வேண்டும். எழுதிக்கொள்வது இரக்கமின்மை ஆகாது. பாக்கி எவ்வளவு என்பது இருவருக்கும் ஐயமின்றித் தெரிந்தால்தான், எவ்வளவு பொறுத்தோம், எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பதும் தெரியும்.

விசாரிக்க வேண்டியவை

1. அடையாளம்: அடையாள அட்டையின் மூலத்தைக் கண்ணால் பார்த்தே நகல் எடுக்க வேண்டும். வெளிநாட்டவராயின் கடப்பிதழும் செல்லுபடியான அனுமதியும் அவசியம். 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 55E பிரிவின்படி, அனுமதியில்லாதவரை இடத்தில் தங்கவிட்டால், ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

2. வருமானம்: எங்கே வேலை, என்ன தொழில், வாடகை கொடுத்தபின் குடும்பச் செலவுக்கு மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்கையோ கேட்பது அவமதிப்பன்று. கடனுக்குச் சரக்குக் கொடுக்குமுன் நாம் விசாரிப்பதில்லையா?

3. முந்திய வீட்டுக்காரர்: இப்போதைய வீட்டுக்காரரை மட்டும் கேட்டால் போதாது. ஆளை அனுப்பிவிட விரும்புகிறவர் புகழ்ந்தே பேசக்கூடும். அவருக்கும் முந்தியவரைக் கேட்டால் உள்ளது வெளிவரும்.

4. பயன்: குடியிருக்கவா, கிடங்குக்கா, கடைக்கா, எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். மது, சூது போன்றவற்றுக்கு என்று தெரிந்து விடுவது நமக்கு ஆகாது. உணவகக்காரர் தம் தொழிலாளர் தங்குவதற்குக் கேட்டால், 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் தங்குமிடச் சட்டத்தின்கீழ்த் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

இக்கேள்விகளை ஊர்க்காரரிடமும் கேட்க வேண்டும். அயலாரிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடம் கேட்டு மற்றவரிடம் கேட்காமல் விடுவதுதான் மனத்தாங்கலுக்குக் காரணம்.

எழுத வேண்டியவை

வாடகை, செலுத்தும் தேதி, காலம், முன்பணம், பழுதுபார்க்கும் பொறுப்பு, உள்வாடகை கூடுமா, கூடாதா, வெளியேற எத்தனை மாத அறிவிப்பு ஆகியவை உடன்படிக்கையில் இருக்க வேண்டும். இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், மின்சாரம், தண்ணீருக்கு அரை மாதத் தொகையையும் வாங்குவது இந்நாட்டு வழக்கம். இப்பணம் நம்மிடம் உள்ள அமானிதம், நம் வருமானமன்று. சாவி கொடுக்கும் நாளில் சுவர், கதவு, குழாய் ஆகியவற்றைப் படம் எடுத்து இருவரும் கையொப்பமிட்டு வைத்தால், திருப்பிக் கொடுக்கும் நாளில் வாக்குவாதம் வராது.

உடன்படிக்கைக்கு 30 நாட்களுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரையில்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தீபகற்பத்தில் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் நிலப்பதிவகத்திலும் பதிய வேண்டும்.

இன்னொன்று. அச்சிட்ட உடன்படிக்கைகள் பலவற்றில், பிந்திய வாடகைக்கு வட்டி உண்டு என்ற விதி காணப்படும். வாடகை பாக்கி கடனே. கடன் மீது காலத்துக்காக ஏறும் தொகை ரிபாவாகும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுவதே முறை.

குடியேறிய பின்

ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுக்க வேண்டும். கூரை ஒழுகினால் காலம் தாழ்த்தாமல் பழுதுபார்க்க வேண்டும். பயன் கெட்டால் வாடகைக்கு நமக்கு என்ன உரிமை? சொந்தக் கட்டடந்தானே என்று சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. பிறர் வீட்டில் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்ற அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை நமக்கும் உண்டு. வாடகைக் காலம் முடியும்வரை அது பிறர் வீடே.

வாடகை உயர்த்துவதிலும் நிதானம் வேண்டும். பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலமும் 1999 இறுதியில் முடிந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பல கடைவீடுகளின் வாடகை திடீரென்று ஏறவே, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களும் சிறு வணிகர்களும் நகரை விட்டுப் போயினர். பல கதவுகள் பூட்டியே கிடந்தன. எப்போது, எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொண்டால் இருதரப்பும் ஆயத்தமாகலாம்.

வாடகை நின்றால்

முதல் மாதமே நேரில் போய்க் கேட்க வேண்டும். கூச்சப்பட்டு ஆறு மாதம் விட்டால் கொடுக்க நினைப்பவராலும் முடியாமற்போகும். நோயோ வேலையிழப்போ உண்மையாயின் தவணை கொடுத்து, அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வசதியிருந்தும் கொடாதவரிடம்கூடப் பூட்டுப் போடுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களைத் தெருவில் வைப்பது கூடவே கூடாது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(2) பிரிவு, குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும் என்கிறது. ஆத்திரத்தில் பூட்டியவர், நியாயம் தம் பக்கம் இருந்தும், பிரதிவாதியாக நிற்க நேரும். எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து வழக்கறிஞரை நாடுவதே வழி. 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டத்தின்கீழ் 12 மாத பாக்கி வரை நீதிமன்ற அமீனா மூலம் சாமான்களை ஜப்தி செய்யக் கேட்கலாம். அறிவிப்புக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரட்டை வாடகை கோர 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் இடந்தருகிறது. முத்திரையிட்ட உடன்படிக்கையும் ரசீதுக் கட்டும் அப்போதுதான் கைகொடுக்கும்.

வணிகப் பெருமக்களே! நம்மிற் பலர் ஓரிடத்தில் வாடகை வாங்குவோர். மற்றோரிடத்தில் வாடகை கொடுப்போர். நம் கடைக்காரர் நம்மை எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறோமோ, அவ்வாறே நம் மாடியில் இருப்பவரை நடத்துவோமாக. சாவி கை மாறுமுன் எழுதிக்கொள்வோம். கை மாறிய பின் பொறுமையோடு நடந்துகொள்வோம். வல்ல அல்லாஹ் நம் வருவாயில் பரக்கத்தையும் நம்மிடையே ஒற்றுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.