கப்பலேறும் பெட்டி: பொறுப்பு யாருடையது?

கடல் கடந்து வாணிகம் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பொருள்களுக்குப் புலி முத்திரை இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் செல்லும் ஏற்றுமதிப் பெட்டியின் கதவிலும் எண்ணிட்ட முத்திரை பூட்டப்படுகிறது. ஆனால் முத்திரையிட்ட பின் அப்பெட்டிக்குப் பொறுப்பாளி யார்? இதற்கு விடை தெரியாமல் கையொப்பமிட்டு நட்டமடைவோர் உண்டு. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெட்டி வந்த வரலாறு

முன்னாளில் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என ஒவ்வொன்றாகத் தொழிலாளர் சுமந்து கப்பலில் அடுக்கினர். அமெரிக்காவில் லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன், 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்கு 5.86 டாலராக இருந்த ஏற்றுகூலி, இம்முறையில் 16 சென்டுக்கும் குறைந்ததாகக் கணக்கிட்டனர். பின்னர் 20 அடி, 40 அடி என நீளங்கள் உலகெங்கும் ஒரே அளவாக்கப்பட்டன. லாரி, ரயில், கப்பல் மூன்றிலும் பெட்டியைத் திறவாமலே மாற்றும் வசதி இதனால் விளைந்தது.

பெட்டிக்குள் ஒரு கணக்கு

திருப்பூர் நிறுவனம் ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கொள்முதலாளருக்குப் பனியன் ஆடைகள் அனுப்புவதாகக் கொள்வோம். அட்டைப்பெட்டி ஒன்றின் அளவு 60 × 40 × 40 செ.மீ. எனில், அதன் கன அளவு 0.096 கன மீட்டர். 20 அடிப் பெட்டியின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். அடுக்கும்போது விழும் இடைவெளி போக 28 கன மீட்டர் பயன்படும் எனக் கொண்டால், ஏறத்தாழ 290 அட்டைப்பெட்டிகள் அடங்கும். அவ்வளவு சரக்கு இல்லையெனில், பிறர் சரக்கோடு சேர்ந்து பங்குப் பெட்டியில் அனுப்பலாம்.

எடையும் இன்றியமையாதது. 2016 ஜூலை 1 முதல், நிரப்பிய பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது பன்னாட்டு விதி. பொய்யெடை கப்பலின் சமநிலையைக் குலைத்து, மாலுமிகளின் உயிருக்கே உலை வைக்கும் அன்றோ!

மூன்றெழுத்தில் அடங்கிய பொறுப்பு

விலையோடு சேர்த்து எழுதப்படும் மூன்று எழுத்துகளே பொறுப்பை நிர்ணயிக்கின்றன. இவற்றின் பொருளைப் பன்னாட்டு வணிகச் சங்கம் 1936 முதல் வரையறுத்து வருகிறது.

எப்.ஓ.பி. என்றால், சரக்கு கப்பலில் ஏறும் வரை விற்பவர் பொறுப்பு. ஏறிய பின் வாங்குபவர் பொறுப்பு. சி.ஐ.எப். என்றால், கப்பற்கூலியும் காப்பீட்டுக் கட்டணமும் விற்பவருடையவை. ஆதலால் ஹாம்பர்க் சேரும் வரை ஆபத்தும் அவருடையதே எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஆபத்து இங்கும் கப்பலில் ஏறியதுமே வாங்குபவர்க்கு மாறிவிடுகிறது.

இனி, எப்.ஓ.பி.யில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பெட்டி துறைமுக முனையத்தின் வாயிலைக் கடந்ததும் விற்பவர் கையை விட்டுப் போய்விடுகிறது. கப்பலேறச் சில நாட்கள் ஆகலாம். இதற்கிடையே தீப்பற்றினாலும், மழைநீர் புகுந்தாலும், பளுதூக்கியிலிருந்து விழுந்தாலும் நட்டம் விற்பவர்க்கே. தம்மால் காக்க இயலாத பொருளுக்கு அவர் பொறுப்பேற்கிறார்! மூட்டைகளைக் கப்பலருகே கொண்டுசென்று ஏற்றிய காலத்துக்கு இவ்விதி பொருந்தியது, பெட்டிக்குப் பொருந்தவில்லை.

எனவே பெட்டிச் சரக்குக்கு எப்.சி.ஏ. முறையே ஏற்றது என அச்சங்கமே அறிவுறுத்துகிறது. இதன்படி, வாங்குபவர் குறித்த கப்பல் நிறுவனத்திடம் பெட்டியை ஒப்படைத்ததும் விற்பவரின் பொறுப்பு முடிகிறது. ஆயினும் வங்கிகள் பெரும்பாலும் 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்று குறித்த ரசீதையே கேட்டதால் பலர் இதனைத் தவிர்த்தனர். 2020ஆம் ஆண்டு விதிகள் இதற்கும் வழி செய்தன. அத்தகைய ரசீதை விற்பவர்க்கு வழங்குமாறு வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்குக் கட்டளையிட இருவரும் ஒப்புக்கொள்ளலாம். எப்.ஓ.பி.யையே கொள்முதலாளர் வற்புறுத்தினால், கப்பலேறும் வரைக்குமான காப்பீட்டை விற்பவர் தாமே எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

தாளே பணம்

எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதத்தின்படி வங்கி ஆடையைப் பார்ப்பதில்லை. தாள்களை மட்டுமே பார்க்கிறது. விலைப்பட்டியல், கப்பல் ரசீது, அடைவுப் பட்டியல் ஆகியவை ஒன்றோடொன்று முரண்பட்டால் வங்கி பணம் தர மறுக்கலாம். நல்ல நூல், நல்ல தையல் இருந்தும், ஓர் எழுத்துப் பிழையால் கூலி கொடுக்கப் பணமின்றித் தவிக்க நேரிடும்.

காலமும் கடலும்

2021 மார்ச் 23 அன்று 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, ஆறு நாட்கள் வழியை அடைத்தது. 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. எப்.ஓ.பி.யில் இத்தகைய தாமதத்தின் சுமை வாங்குபவருடையது. ஆனால் தையல் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால், விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் விற்பவர் தலையில் விழுகிறது. அதன் கூலி கப்பற்கூலியைப் போல் பன்மடங்கு. ஓர் ஆர்டரின் ஆதாயம் முழுவதையும் அது விழுங்கிவிடக்கூடும்.

முடிவுரை

பெட்டி எஃகால் ஆனது. அதன் பாதுகாப்போ சொற்களால் ஆனது. நாளை நம்மில் சிலர் ஏற்றுமதி அலுவலகங்களில் அமர்ந்து இத்தாள்களை எழுதுவோம். அன்று, விலை எவ்வளவு என்று கேட்குமுன் பொறுப்பு எவ்விடத்தில் மாறுகிறது என்று கேட்போமாக. அக்கேள்வி, தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரின் உழைப்பையும் காக்கும்.