முதலில் வண்டியின் அடியைப் பார்

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா கோயம்புத்தூரிலிருந்து எழுதிக்கொள்வது. போனில் பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன், நீயும் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மாருதியை நீயே கையில் எடுத்து வேலை பார்ப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு படத்தில் வண்டி ஜாக்கியில் நிற்கிறது, பக்கத்தில் இரண்டு செங்கல், வெளியே உன் கால் இரண்டும் மட்டும் தெரிகிறது. அதைப் பெரியம்மாவிடம் காட்டவில்லை. எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு. அடியில் ஆள் படுப்பதற்கு இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் பாரம் ஓரிடத்தில் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இன்னொன்று கேள். ஜாக்கி போய் முட்டுகிற இடம் கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டின் ஓரம். நம் பக்கத்து வண்டிகளில் முதலில் துருப்பிடிப்பதே அந்த இடம்தான். அது உள்ளே பொத்துப்போயிருந்தால் ஜாக்கி தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகும், வண்டி கீழே வரும். ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கு, காசு நான் தருகிறேன். கெட்டித் தரையில் நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, கியரில் விடு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. கழற்றிய சக்கரத்தை ரன்னிங் போர்டுக்குக் கீழே படுக்கப் போட்டு வை. ஒருவேளை வண்டி இறங்கினாலும் அந்தச் சக்கரத்தின்மேல்தான் இறங்கும். இதில் மட்டும் உன் இஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றதெல்லாம் உன் இஷ்டம். உன் வண்டி, உன் சம்பளம். சிவப்பு பெயின்ட், பதின்மூன்று இஞ்சு அலாய் வீல், கறுப்பு ஃபிலிம், எல்.இ.டி. லைட், புது சீட் கவர் என்று தங்கச்சி நிச்சயத்துக்கு முன்னால் முடிக்க ஒரு பட்டியல் போட்டிருக்கிறாய். செய்யலாம். அந்தக் காசை அடித்தகரத்துக்கும் பிரேக்குக்கும் போட்டுவிட்டு, பெயின்டை அடுத்த வருடம் பார்க்கவும் செய்யலாம். இரண்டில் எது என்று நீயே யோசித்து முடிவு செய். முடிவு செய்யும் முன்னால் நம் அம்பாஸிடரை மட்டும் ஒரு தடவை நினைத்துப் பார்.

நீ அப்போது கைக்குழந்தை, ஆனால் கதை கேட்டிருப்பாய். தாத்தா அதில் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றித் தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போவார். தண்ணீர் தெளித்த கட்டு, நனைந்த சாக்கு. டிக்கியின் தரை ஈரம் காய்ந்ததே கிடையாது. அடியை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். உன் அப்பா அத்தை கல்யாண அவசரத்தில் ஒரு பட்டறையில் விட்டான். அவர்கள் துருவைச் சுரண்டக்கூட இல்லை. ஓட்டைக்குப் பின்னால் அட்டையைக் கொடுத்து, மேலே பட்டியை அப்பி, தேய்த்து, கிரீம் கலர் அடித்துக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று பந்தல் வாசலில் நின்ற அந்த வண்டியை மெச்சாத ஆள் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அதற்கு அடுத்ததில் பின்சீட்டுக்குக் கீழே ரோடு தெரிந்தது. கடைசியில் பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போனது. உன் அப்பா இதைப் படித்தாலும் படிக்கட்டும். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பட்டி பூசினால் துரு செத்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் ஒரு நூல் துரு மிச்சமிருந்தாலும் அந்த ஈரத்தைக் குடித்து வளரும். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அதனால்தான் மேலே பெயின்ட் எழும்புகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் நாளில் உள்ளே தகரம் பாதி போயிருக்கும். சொத்தைப் பல்லுக்கு மேல் தங்க உறை மாட்டிய கதைதான்.

உள்ளூரில் ஓடும் வண்டிக்கு இவ்வளவு எதற்கு என்று நீ கேட்பாய். நம் ஊர் எங்கே இருக்கிறது என்று பார். முக்காணி தாண்டினால் பழையகாயல் உப்பளம், கிழக்கே புன்னைக்காயல் கடல். கொண்டலும் வாடையும் அடிக்கும் மாதங்களில் காற்றிலேயே உப்பு வரும். நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும், அதனால் துருவின் வேலையும் வேகமாக நடக்கும். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாங்கள் சீக்ரி என்போம், நம் தூத்துக்குடித் துறைமுகப் பக்கம் ஒரு மையத்தையே வைத்திருக்கிறது. கடல் இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கும் ஆயுசு பூராவும் அதே வேலை. சுரண்டு, ரெட் ஆக்சைடு அடி, பெயின்ட் அடி, மறுபடி சுரண்டு. துருவோடு ஒரு கிரேனுக்கும் பெயின்ட் அடிக்க எங்கள் ஃபோர்மேன் விட்டதில்லை.

உப்புக் காற்று எதுவரை போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே அதன் முன்பக்கக் கூரை பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண்ணைக் காற்று இழுத்துக்கொண்டது. அந்த விமானத்துக்கு வயது 19. ஈர உப்புக் காற்றிலேயே தீவுக்குத் தீவு பறந்தது. தகடுகள் சேரும் இடத்தில் ஒட்டு விட்டு, அரித்து, விரிசல் கண்டிருந்தது. பராமரிப்பில் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டார்கள் என்று விசாரணை சொன்னது. உன் வண்டி 2004 மாடல், அதைவிட மூத்தது.

அதோடு அது மார்கழி வெள்ளத்தில் நின்ற வண்டி. நம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2023-இல், டிசம்பர் 17-18 ஒரே நாளில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியதே, தாமிரபரணி கொடிக்காலையும் தெருவையும் ஒன்றாக்கியதே, அப்போது வண்டி எங்கே நின்றது என்று உனக்கே தெரியும். இன்ஜினைப் பார்த்தீர்கள், சீட்டைக் காயவைத்தீர்கள். ரன்னிங் போர்டுக்குள் போன வண்டலை யார் எடுத்தது? அது அங்கேயேதான் இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் நனைந்துகொண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய். காலடி மேட்களை எல்லாம் தூக்கி வெயிலில் போடு. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, ரன்னிங் போர்டு, சக்கர வளைவு, கதவின் கீழ் ஓரம் எல்லாம் ஓட்டிப் பார். தகரம் இருந்தால் பிடிக்கும், தடிமனான பட்டி இருந்தால் வழுக்கும். வழுக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டு. கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. கதவுகளுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அவை மண் அடைத்துக் கிடக்கும், கம்பியால் குத்திச் சுத்தம் செய். வைப்பருக்குக் கீழே வேப்பஞ்சருகு அடைத்தாலும் தண்ணீர் உள்ளே காலடிக்குத்தான் வரும். வண்டியை மரத்தடியில்தானே நிறுத்துகிறாய்?

மேலாகப் பிடித்த துரு உன் கைக்கு அடங்கிய வேலை. கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும்வரை. குழியில் மிஞ்சும் கறுப்புக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர். திறந்த இரும்பை ராத்திரி பூராவும் நம் ஊர்க் காற்றில் விட்டால் காலையில் செம்மண் பூத்திருக்கும். அதன் மேல் பட்டி காகிதக் கனத்துக்குப் போட்டால் நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிற இடம் உன் வேலை இல்லை. வெட்டித் தகரம் வைக்கத் தெரிந்த டிங்கரிடம் கொடு. வெல்டிங் நடக்கும்போது நீ பக்கத்தில் நில், பேட்டரியைக் கழற்றச் சொல், பெட்ரோல் பைப் எங்கே போகிறது என்று காட்டு. பெயின்ட் கடைசி.

கழுவுவதற்குப் போர் தண்ணீரை எடுக்காதே, அதிலேயே உப்பு இருக்கிறது. ஆற்றுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்து, புன்னைக்காயல் போய்வந்த அன்றைக்கே அடியில் பீய்ச்சி அடி. தார்ப்பாய் போட்டு மூடிவைக்காதே, உள்ளே வேர்க்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை டார்ச் அடித்துப் பார். செதில் விட்டிருந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதே. பழைய இன்ஜின் ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதே, அந்தத் தண்ணீர்தான் கொடிக்காலுக்குப் போகிறது.

உன் பட்டியலுக்கு வருகிறேன். லைட் மங்கல் என்றுதானே எல்.இ.டி. கேட்கிறாய்? மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை, எர்த் வயர் பாடியில் பிடிக்கும் இடத்துத் துரு. போல்ட்டைக் கழற்றித் தேய்த்து, வாசலின் தடவி முறுக்கிப் பார், வித்தியாசம் தெரியும். ஹாலோஜனுக்குச் செய்த கண்ணாடிக்குள் எல்.இ.டி.யை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருகிறவன் கண்ணைக் கட்டும். நம் ரோடு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற ரோடு. தைப்பூச ராத்திரியில் ஓரமாக நடந்துபோகிற சனத்தை அவன் பார்க்க வேண்டாமா? கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்தது. கலர் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். மாருதிக்குக் கொடுத்தது பன்னிரண்டு இஞ்சுச் சக்கரம், பவர் ஸ்டீயரிங் கிடையாது. பெரிய சக்கரம் போட்டால் கை வலிக்கும், வளைவில் தேய்க்கும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022-இல் 5,000 ஆக்கினார்கள். 20 வயது தாண்டிய வண்டிக்கு 10,000 என்று 2025-இல் ஏற்றிவிட்டார்கள். அடுத்த தடவை கொண்டுபோகும்போது அதிகாரி குனிந்து அடியைத்தான் பார்ப்பார்.

பேசாமல் விற்றுவிடு என்று அப்பா சொல்வதாக அம்மா சொன்னாள். அதுவும் உன் இஷ்டம். 1983 டிசம்பரில் முதல் வண்டிக்கு இந்திரா காந்தி சாவி கொடுத்ததிலிருந்து 2014-இல் நிறுத்தும்வரை 25 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி அது. சாமான் இன்றும் கிடைக்கிறது, எந்தப் பட்டறைக்காரனுக்கும் கை பழகிய இன்ஜின். பாடி நின்றால் போதும், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்பியது போதாதா நம் வீட்டில்?

படிக்கும்போதே உன் முகம் சுருங்கும் என்று தெரியும். உன்னை மட்டந்தட்ட எழுதவில்லை ராசா. நம் குடும்பத்தில் எனக்குப் பிறகு ஸ்பேனரைப் பிடிக்கத் தெரிந்த கை உன்னுடையது ஒன்றுதான். உன் அண்ணனுக்கு இங்கே டயரில் காற்றுப் பிடிக்கக்கூட ஆள் வேண்டும். நீ கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா என்று சத்தத்தை வைத்தே சொல்லும்போது எனக்கு என் அப்பா நினைவு வரும். சிவப்புதான் வேண்டும் என்றால் சிவப்பே அடி. நல்ல பெயின்டாக அடி, அந்தச் செலவு என்னுடையது, அப்பாவிடம் சொல்லாதே. சீட் கவரும் உனக்குப் பிடித்ததையே எடு. அடி வேலை முடிந்ததும் போன் செய், நான் ஒரு வாரம் வந்து உன்னோடு நிற்கிறேன், மேலே நீ அடி, நான் தாள் தேய்த்துத் தருகிறேன். என் பழைய டூல் பாக்ஸை உனக்கே கொண்டுவந்து தருகிறேன், ரிங் ஸ்பேனர் செட் முழுதும் இருக்கிறது.

நிச்சயத்துக்கு நாங்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம். பெரியம்மா உனக்குச் சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறாள். தைக்கக் கொடுக்க வேண்டும், மறக்காமல் அளவுச் சட்டை ஒன்று கொரியரில் அனுப்பு. கொஞ்சம் மக்ரூனும் சேர்த்து வை, அவள் கேட்டாள்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா